துருப்பிடித்த பஸ்ஸை வீடாக்கும் வேலை: தொடர்வதா, கைவிடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஸ் பாடி கட்டும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், பழைய பஸ்ஸை வாங்கி ஓடும் வீடாக்க நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் யோசனை கேட்பது வழக்கம். வாங்குவதற்கு முன்னால் கேட்பவர்கள் குறைவு. பாதி வேலை முடிந்த பிறகு, தரையைப் பிரித்துத் துருவைப் பார்த்துத் திகைத்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணே, பஸ்ஸை வீடா மாத்துறதுன்னா சரியா என்ன? சிங்கப்பூர்லயே செய்ய முடியாதா?

ஓடி ஓய்ந்த பள்ளி பஸ், தொழிற்சாலை பஸ், சுற்றுலா பஸ் என ஏதோ ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், சின்ன அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, பேட்டரி எல்லாம் பொருத்தி, குடும்பத்தோடு பயணம் போகிற மாதிரி ஆக்குவதுதான் இது.

சிங்கப்பூரில் இதற்கு வழி மிகக் குறுகல். 1990 முதல் இங்கே பெரும்பாலான வண்டிகளுக்கு வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். பஸ்கள் சரக்கு வண்டிகளோடு சேர்ந்து சி பிரிவில் வருகின்றன. சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான். அதைப் புதுப்பித்தாலும் பஸ்ஸின் சட்டப்படியான ஆயுள் 20 ஆண்டுதான். நிறுத்துவதற்குக் கனரக வாகன நிறுத்துமிடச் சான்றிதழ் தனியாக வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வைத்து வெல்டிங் அடிக்கவும் முடியாது.

அதனால்தான் பலரும் ஜொகூர் பாரு, கூலாய், ஸ்கூடாய் பக்கம் தெரிந்தவர் பட்டறையிலோ காலி நிலத்திலோ மலேசியப் பதிவுள்ள பஸ்ஸை நிறுத்தி வேலை செய்கிறார்கள். சரி, ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவு வண்டியை இங்கே ஓட்டக் கூடாது. வெளிநாட்டு மோட்டர்ஹோம், கேம்பர்வேன் வகை வண்டிகளுக்கு இங்கே அனுமதியும் இல்லை. ஆக, அந்த பஸ் எவ்வளவு அழகாக முடிந்தாலும் கடற்பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வராது. ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

நம்ம ஊர்ல பனியும் இல்ல, ரோட்டுல உப்பும் போடுறதில்ல. அப்புறம் ஏன் இப்படித் துருப்பிடிக்குது?

காற்றின் ஈரம்தான் காரணம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடிவிடும். நமக்கு ஆண்டுச் சராசரியே 80-க்கு மேல். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கடல் காற்று எப்போதும் பக்கத்தில். ஓடிக்கொண்டிருக்கும் பஸ் வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடும். மரத்தடியில் நிற்கிற பஸ் காயாது. சன்னல் ரப்பர் வெடித்து, ஏர்கான் பெட்டியைச் சுற்றியுள்ள பூச்சு பிளந்து, மழைநீர் உள்ளே இறங்கி, தரைப் பலகைக்கு அடியில் தங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பல பஸ்களில் இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு அடித்திருப்பார்கள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். ரிவெட் வரிசையை ஒட்டி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அங்கே தகட்டுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்று பொருள்.

வெளியே பார்த்தா அங்கங்க துரு தெரியுது. இதை வச்சே வேணாம்னு முடிவு பண்ணிடலாமா?

முடியாது. வெளியே சுத்தமாக இருப்பதை வைத்து வேணும் என்று முடிவு செய்யவும் முடியாது. எவ்வளவு துரு என்று கேட்பதைவிட எந்த இடத்தில் துரு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மேல்தோல் துரு, அதாவது தேய்த்தால் கீழே பளிச்சென்று இரும்பு தெரிவது, ஒரு பொருட்டே இல்லை. அடுத்தது அடுக்கடுக்காக உரிவது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடுவதால், தடிமனாகத் தெரிகிற அடுக்கை உரித்தால் உள்ளே மிஞ்சியிருக்கும் இரும்பு எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது, ஓட்டை. ஓட்டை தரைத் தகட்டில் இருந்தால் ஒரு வார இறுதி வேலை. அதே அளவு ஓட்டை, பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்) தொங்கும் இடத்தில் சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இருந்தால் திட்டத்தையே நிறுத்த வைக்கும்.

நான் மெக்கானிக் இல்ல. எங்கெங்க, எப்படிப் பார்க்கணும்?

ஒரு சின்ன சுத்தியல், தட்டையான ஸ்க்ரூட்ரைவர், நல்ல டார்ச், கைபேசியில் செருகுகிற குழாய்க் கேமரா. இவை போதும். பஸ்ஸை ஜாக்கியில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் போகாதீர்கள். குழியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் தாங்குகட்டை வைத்த பிறகு இறங்குங்கள்.

முன்கதவுப் படிக்கட்டில் தொடங்குங்கள். பயணிகளின் செருப்பில் வந்த மழைத் தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கும். படியின் மேல் ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு, மூலையில் ஸ்க்ரூட்ரைவரை அழுத்துங்கள். நல்ல இரும்பில் கீறல் விழும், அவ்வளவுதான். கெட்ட இடத்தில் முனை உள்ளே போகும், கூடவே ஈரமான பழுப்புப் பொடி கொட்டும். அடுத்து சக்கர வளைவுகள், பேட்டரிப் பெட்டி, பின்பக்கம் எஞ்சினுக்கு மேலுள்ள தரை. இந்த நான்கிலும் துரு இல்லாத பழைய பஸ்ஸை நான் பார்த்ததில்லை. அதனால் இங்கே ஓட்டையைப் பார்த்ததும் கலங்க வேண்டாம்.

கலங்க வேண்டிய இடங்கள் வேறு. சேஸியின் இரண்டு நெடுஞ்சட்டங்கள், அவற்றில் பட்டைவில்லும் ஏர் பேக்கும் (ஸ்பிரிங் போலத் தாங்கும் காற்றுப் பை) பிடித்திருக்கும் இடங்கள், ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட் அடித்திருக்கும் இடம், சன்னல்களுக்கு இடையிலுள்ள தூண்கள் தரையோடு சேரும் அடிப்பகுதி. தூண்கள் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சதுரக் குழாய். தண்ணீர் குழாய்க்குள்ளேயே இறங்கி, அடியில் தேங்கி, உள்ளிருந்து தின்னும். செல்லரித்த கதவு மாதிரி, மேல் பெயிண்ட் அப்படியே இருக்கும். சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல குழாய் ‘டிங்’ என்று கேட்கும். கெட்ட இடத்தில் சத்தம் செத்துப்போகும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஒரு பக்கம் முழுக்கத் தட்டி முடித்ததும் நாலடி தள்ளி நின்று வட்டங்களைப் பாருங்கள். சிதறிக் கிடந்தால் அது பழுது பார்க்கும் வேலை. அடுத்தடுத்த தூண்களின் அடியில் வரிசையாக வந்திருந்தால், அந்தப் பக்கத்தையே புதிதாகக் கட்டும் வேலை.

தரைப் பலகை நல்லாத்தான் இருக்கு. அதைப் பிரிக்காம மேலேயே வினைல் ஒட்டிட்டா என்ன?

பிரியுங்கள். தொடர்வதா விடுவதா என்ற முடிவுக்கு வேண்டிய செய்தியில் பாதி அந்தப் பலகைக்கு அடியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கட்டிலும் அலமாரியும் அடித்தவர்கள், பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன். தெரியாமல் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, புரிகிறது. அந்த நிம்மதிக்குத்தான் பின்னால் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

வெப்பம் தடுக்க நுரை அடிப்பவர்களுக்கும் இதே பதில்தான். கூரைக் கசிவை நிறுத்தி, இரும்பைச் சுத்தம் செய்து பூச்சு போட்ட பிறகே நுரை. கசிகிற கூரைக்கு அடியில் நுரை அடித்தால் தண்ணீர் அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும்.

பட்டறைக்காரர் ‘ரஸ்ட் கன்வர்ட்டர் அடிச்சா போதும்’னு சொல்றார். நம்பலாமா?

அது செய்யும் வேலை ஒன்று உண்டு. அதிலுள்ள டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ மேலுள்ள துருவோடு சேர்ந்து ஓரளவு நிலையான படலமாகும். டானிக் அமிலம் என்றால் கருநீலமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேல்தோல் துருவுக்கு இது நல்லது. தளர்ந்த துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் கிரைண்டராலும் எடுத்த பிறகு அடித்து, அதன்மேல் எபாக்சி பிரைமர் போட்டால் நிற்கும்.

ஆனால் போன இரும்பை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. முன் பதிலில் சொன்ன சதுரக் குழாய்க்குள் அது போகவும் போகாது. ஓட்டை விழுந்த இடத்தில் வெட்டி எடுத்துவிட்டு நல்ல இரும்பு காணும்வரை போய், அங்கிருந்து புது இரும்பு வெல்டிங் செய்வதுதான் வழி. ஃபைபர் துணியும் பசையும் பூசி, மேலே பெயிண்ட் அடித்துக் காட்டினால், அது பார்வைக்கு மட்டும்தான்.

வெல்டிங் வேலைக்கு எவ்வளவு ஆகும்னு சொல்ல முடியுமா?

பார்க்காமல் தொகை சொல்பவரை நம்ப வேண்டாம், நான் உட்பட. தரையைப் பிரித்து, சாக்பீஸ் வட்டங்கள் போட்ட பிறகு பட்டறை ஃபோர்மேனைக் கூட்டி வாருங்கள். ‘முழு பஸ்ஸுக்கும் எவ்வளவு’ என்று கேட்காமல், ஒவ்வொரு வட்டத்துக்கும் கேளுங்கள். அவர் ‘திறந்து பார்த்தாத்தான் தெரியும்’ என்று சொல்லும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், தொகையைவிட அதுதான் உங்களுக்குப் பெரிய செய்தி.

கணக்கில் பலர் விட்டுவிடுவது நேரம். சனிக்கிழமை காலை கடற்பாலத்து நெரிசலைக் கடந்து, கடையில் சாமான் வாங்கி, சாப்பிட்டு, பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிடும். மூன்று மணிக்கு மழை பிடித்தால் வெல்டிங் இல்லை. ஒரு வார இறுதியில் உண்மையில் எத்தனை மணி நேரம் கருவி கையில் இருந்தது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். மீதி வேலையை அந்த எண்ணால் வகுத்தால், முடியும் ஆண்டு தெரிந்துவிடும்.

எஞ்சின் ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. அப்போ விட வேண்டிய அவசியமே இல்லைதானே?

எஞ்சினை மாற்ற முடியும். ஜப்பானிய டீசல் எஞ்சின்களுக்கு ஜொகூரில் பழைய உதிரிபாகம் கிடைக்கிறது. சேஸியும் பாடியும் போனால் அந்த நல்ல எஞ்சினைப் பொருத்த இடமே இல்லை. எஞ்சின் நன்றாக இருப்பது விற்கும்போது உங்களுக்கு நல்ல விலை வாங்கித்தரும், அந்த மட்டில் மகிழ்ச்சி.

ஸ்டார்ட் ஆவதும் சாலையில் ஓடுவதும் வேறு. பல பஸ்களில் ஏர் பிரேக். காற்றழுத்தம் இறங்கினால் பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். நெடுநாள் நின்ற பஸ்ஸில் காற்று கசிந்து, டிரம்மும் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 3512 என்றால் 2012-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு தாண்டிய டயரை முன்சக்கரத்தில் வைத்து நெடுஞ்சாலையில் போகாதீர்கள். டீசல் தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அதில் நுண்ணுயிர் வளர்ந்து வழுவழுப்பான படிவு வரும், ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். இவ்வளவும் தரையில் இறங்கிப் பார்த்தால் தெரிகிற செலவுகள்தான். வெல்டிங் கணக்கோடு சேர்த்து எழுதுங்கள்.

இதுவரைக்கும் நிறையப் பணம் போட்டாச்சு. முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்குன்னு தோணுது. இப்போ விட்டா அத்தனையும் தண்டம்தானே?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது, கேட்கும்போது குரல் தழுதழுக்கும். முதலில், அது தண்டம் என்று நான் நினைக்கவில்லை. வெல்டிங், வயரிங், தண்ணீர்க் குழாய் எனக் கற்றுக்கொண்டது உங்களிடம்தான் இருக்கிறது. இருந்தாலும் போட்ட பணம் போனதுதான். தொடர்ந்தாலும் அது திரும்பாது, விட்டாலும் திரும்பாது. இரண்டு பக்கத்திலும் சமமாக இருப்பதைத் தராசிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மீதியிருப்பதை மட்டும் வையுங்கள். இந்த பஸ் வேறு யாருடையதாகவோ, இன்றைக்கு இருக்கிற இதே நிலையில், பழைய இரும்பு விலைக்கு விற்பனைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்த அத்தனையும் தெரிந்த நிலையில் வாங்குவீர்களா? ‘உடனே வாங்குவேன், எனக்குத்தான் இதன் மூலைமுடுக்கெல்லாம் தெரியுமே’ என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தொடரச் சொன்னேன். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தொடர்வதாக இருந்தால் இன்னொன்று செய்யுங்கள். இதற்கு மேல் போட மாட்டேன் என்று ஒரு தொகையையும், இதற்குள் சாலையில் ஓட வேண்டும் என்று ஒரு தேதியையும் இப்போதே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தொகை நெருங்கும்போது யோசித்தால் மனம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்லும். விட்டதைப் பிடிக்கப் போய்ச் சேமிப்பையும் கரைத்தவர்களைத் தெரியும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பஸ் கூலாயில இருக்கிற நண்பர் பேர்ல இருக்கு. ரோட் டேக்ஸ் செத்துப் பல வருஷம். இது பெரிய விஷயமா?

துருவைவிடப் பெரிய விஷயம். நல்ல இரும்புள்ள பஸ்ஸும் காகிதம் இல்லையென்றால் இரும்பு விலைக்குத்தான் போகும். கிரானில், அதாவது மலேசிய வாகனப் பதிவுச் சான்றில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். சம்மன் வந்தாலும் விபத்து நடந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். உங்கள் நட்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அவர் குடும்பத்துக்கு இது உங்கள் பஸ் என்று தெரியுமா?

அதனால் இனி ஒரு வெள்ளிகூடப் போடுவதற்கு முன், மலேசியாவின் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் நண்பரோடு நேரில் போய்க் கேளுங்கள். பதிவு உயிரோடு இருக்கிறதா, பயணிகள் பஸ்ஸாகப் பதிவானதை மோட்டர்ஹோமாக மாற்ற என்ன ஒப்புதல் வேண்டும், எந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று. சேஸி எண் தகட்டில் இருப்பதும் கிரானில் இருப்பதும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். துரு அந்த எண்ணையே தின்றிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். மாற்ற வழியில்லை என்று அங்கே சொல்லிவிட்டால், மற்ற கேள்விகள் எதுவும் தேவையில்லை, விட்டுவிடலாம். ஓட்டுநர் உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை: வண்டியின் வெற்று எடை 2,500 கிலோவைத் தாண்டினால் உங்கள் சிங்கப்பூர் கிளாஸ் 3 உரிமம் போதாது, கிளாஸ் 4 வேண்டும். முழு நீள பஸ் எல்லாமே அதற்கு மேல்தான்.

என் வீட்டுக்காரருக்கு இந்த பஸ்தான் உலகம். எனக்கு இனி தாங்காது. அவர் மனசு நோகாம எப்படிச் சொல்றது, அண்ணே?

தங்கச்சி, முதலில் நீங்கள் ஒருமுறை அவரோடு போய் அந்த பஸ்ஸைப் பாருங்கள். குறை சொல்ல இல்லை, அவர் காட்டுவதைப் பார்க்க. நிறைய வீடுகளில் மனைவி பல மாதமாக அங்கே போயே இருப்பதில்லை. அவரும் தனியாகத் துருவோடு மல்லுக்கட்டி, வீட்டில் வந்து ‘நல்லாப் போகுது’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். உண்மை நிலவரம் இரண்டு பேருக்கும் தெரிந்தால்தான் பேச்சுக்கே இடம்.

அப்புறம், பஸ்ஸை விடச் சொல்லிக் கேட்காதீர்கள். எதற்காக ஆரம்பித்தார் என்று கேளுங்கள். பிள்ளைகளோடு கேமரன் மலை போக வேண்டும் என்றா? வேலையிலிருந்து விலகி ஒரு நாள் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்றா? முதலாவது என்றால் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள், வாடகை வண்டியில் அடுத்த பள்ளி விடுமுறைக்கே போகலாம். இரண்டாவது என்றால் பஸ் முடியாமல் இருப்பதே அவருக்குக் குறையாகத் தெரியாது. அப்போது உங்கள் வீட்டுக்கு வேண்டியது மாதச் செலவுக்கு ஒரு வரம்பும் வாரத்தில் எந்த நாள் என்ற ஒப்பந்தமும்தான். எது என்று தெரியாமல் சண்டை போட்டால் இரண்டு பேரும் வெவ்வேறு பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

நாங்க மூணு நண்பர்கள் சேர்ந்து வாங்கினோம். ஒருத்தன் விலகணும், பங்கைத் திருப்பிக் குடுங்கிறான்.

அவர் போட்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றில்லை, பஸ்ஸின் இன்றைய விலையில் அவர் பங்கைக் கொடுங்கள். இன்றைய விலை என்பது வெளியாள் ஒருவர் உண்மையாகவே கொடுக்க முன்வரும் விலை. இரண்டு பழைய இரும்புக் கடைகளிலும் ஒரு பஸ் வியாபாரியிடமும் கேட்டு மூவருமாக ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விலகும் நேரம்தான் மற்ற இருவரும் ‘இன்றைய நிலையில் இதை வாங்குவோமா’ என்று மேலே சொன்ன கணக்கை ஒளிவுமறைவில்லாமல் போட்டுப் பார்க்கச் சரியான நேரம்.

இப்போதைக்கு அப்படியே நிறுத்தி வச்சிட்டு, கையில பணம் வந்ததும் பார்க்கலாம்னு இருக்கேன்.

குளிர்ந்த வறண்ட ஊர் என்றால் சரி என்பேன். இங்கே நிற்கிற பஸ்ஸுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு வெட்டு. நிறுத்தி வைப்பதும் ஒரு வேலைதான். மேலே கூரை போட்ட இடம் வேண்டும், கீழே புல்லாக இருக்கக் கூடாது, கான்கிரீட் அல்லது கல். தார்ப்பாயை நேரடியாக பஸ்மேல் போர்த்தினால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். கூரை கசிவுகளை அடைத்து, சன்னலைச் சிறிது திறந்து, கொசுவலை கட்டி, காற்று ஓட விடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். வெட்டித் திறந்த இரும்பை அப்படியே விடாமல் பிரைமராவது அடியுங்கள். சதுரக் குழாய்களுக்குள் மெழுகு வகைத் தடுப்பு எண்ணெயைத் தெளித்து விடுங்கள்.

இதையெல்லாம் செய்ய நேரமோ வாடகையோ இல்லை என்றால், நிறுத்தி வைப்பது என்பது மெதுவாகக் கைவிடுவதுதான். அப்படியானால் எஞ்சினும் கண்ணாடிகளும் விலை போகும்போதே விற்றுவிடுவது நல்லது.

ஓட்ட வேணாம். ஒரே இடத்துல நிறுத்தித் தங்குற வீடா மட்டும் வச்சுக்கலாமா?

நல்ல யோசனை, பல பஸ்களுக்கு இதுதான் சரியான முடிவு. சாங்கி வில்லேஜில் ஓய்வுபெற்ற 20 பொதுப் பேருந்துகளைத் தங்கும் அறைகளாக மாற்றி, 2023 டிசம்பரில் தி பஸ் கலெக்டிவ் என்ற விடுதியைத் திறந்தார்கள். போய்ப் பார்த்தால் எவ்வளவு செய்ய முடியும் என்று தெரியும், எவ்வளவு வேலை பிடிக்கும் என்றும் தெரியும்.

நிற்கிற வீட்டுக்கு பிரேக், டயர், ஸ்டீரிங் கவலை இல்லை. சேஸியின் பட்டைவில் இடங்களில் துரு இருந்தாலும் அடியில் முட்டு வைத்துத் தாங்கலாம். பஸ்ஸின் தூண்களும் கூரையும் மட்டும் நன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடியில் இருக்கப்போவது மனிதர்கள். நிலம் யாருடையது, அங்கே கட்டடம் மாதிரி ஒன்றை வைக்க உள்ளூர் நகராட்சி ஒப்புக்கொள்ளுமா, கழிவுநீர் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே ஆரம்பியுங்கள். தெரிந்தவர் தோட்டம் என்பது ‘தெரிந்தவர் விற்காதவரை’ என்ற நிபந்தனையோடு வருவது.

சரி, விட்டுடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். இப்போ வரிசையா என்ன செய்யணும்?

முழுதாக விற்க முயலுங்கள், குறைகளை மறைக்காமல். சாக்பீஸ் வட்டங்களோடு எடுத்த படங்களையே காட்டுங்கள். எந்த இடம் கெட்டது என்று தெளிவாகத் தெரிந்த பஸ்ஸை வாங்க, சொந்தமாக வெல்டிங் தெரிந்த ஒருவர் வருவார். யாரும் வரவில்லையென்றால் நீங்கள் போட்ட புதுச் சாமான்களை முதலில் கழற்றுங்கள்: சூரியத் தகடு, லித்தியம் பேட்டரி, தண்ணீர்ப் பம்ப், குளிர்பெட்டி. இவை அடுத்த வண்டிக்கும் உதவும். பிறகு எஞ்சின், கியர் பெட்டி, கண்ணாடி, இருக்கை. கடைசியில்தான் இரும்புக் கடை.

கழற்றும்போது எஞ்சின் எண்ணெயை மண்ணில் ஊற்ற வேண்டாம், ஏர்கான் வாயுவைக் காற்றில் திறந்துவிட வேண்டாம், அதை எடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பழைய பஸ்ஸின் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், கம்ப்ரெசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். பஸ் போன பிறகு பதிவை ரத்து செய்த சான்று கைக்கு வரும்வரை விடாதீர்கள். சிங்கப்பூரில் பதிவான பஸ் என்றால் பதிவை நீக்கிய ஒரு மாதத்துக்குள் அதை அழித்ததற்கோ ஏற்றுமதி செய்ததற்கோ ஆணையத்திடம் ஆதாரம் காட்ட வேண்டும். உரிமைச் சான்றிதழில் காலம் மிச்சமிருந்தால் அதற்கான தொகை திரும்பக் கிடைக்கும். பஸ்ஸை யாருக்கும் சொல்லாமல் சாலையோரம் விட்டுவிட்டு வருவது மட்டும் கூடாது. கிரானில் பெயர் உள்ள நண்பர்தான் மாட்டிக்கொள்வார்.

இது அப்பா ஓட்டின ஸ்கூல் பஸ். அவர் கடைசியா இதை வீடாக்கணும்னு ஆரம்பிச்சார். இப்போ அவர் இல்ல. பாதித் தூணும் போயிடுச்சு. விட மனசு வரல.

தம்பி, உங்களிடம் நான் கணக்குப் பேசப் போவதில்லை. மேலே சொன்ன சோதனைகளை மட்டும் ஒருமுறை செய்துவிடுங்கள், பாதித் தூண் போனது உண்மைதானா என்று. அப்பாவோடு வேலை செய்த யாராவது இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். தூண்கள் உண்மையில் போயிருந்தால், அதைத் திரும்பக் கட்டும்போது பழைய இரும்பு கொஞ்சம்தான் மிஞ்சும். அப்பா கை பட்டவை தூண்கள் இல்லை. ஸ்டீரிங், கியர் கைப்பிடி, கதவு நெம்புகோல், அவர் தினமும் திருப்பிய பெயர்ப்பலகை, பிள்ளைகள் அழுத்திய மணிப் பொத்தான். அவை துருப்பிடிக்கவில்லை.

அம்மாவையும் கேளுங்கள். பல வீடுகளில் பிள்ளை அம்மாவுக்காக வைத்திருக்கிறான், அம்மா பிள்ளைக்காக வைத்திருக்கிறார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டதே இல்லை. விடுவது என்று ஆனால், லாரி வருவதற்கு முந்தின வாரமே அந்தப் பொருள்களைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே செய்யலாம் என்று விட்டால் இரும்புக் கடைக்காரர் அவசரத்தில் கட்டரை வைத்துவிடுவார். பேட்டரி இணைப்பை எடுத்த பிறகே ஸ்டீரிங்கில் கை வையுங்கள். நடுக் கொட்டையைத் தளர்த்தினாலும் சக்கரம் ஒட்டிக்கொண்டு வராது, அதற்குப் புல்லர் என்ற இழுப்புக் கருவி வேண்டும், சுத்தியலால் அடித்தால் விளிம்பு வெடித்துவிடும். மணியை வீட்டில் மாட்டி ஒலிக்க வைக்க நினைத்தால், பெரும்பாலான பஸ்களைப் போல அதுவும் 24 வோல்ட்டில் ஓடுவதுதான். அதற்கேற்ற சின்ன மின்மாற்றி அடாப்டர் ஒன்றை வாங்கி இணையுங்கள், சுவர் மின்சாரத்தில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள்.